சிட்டையைக் கிழித்தால் பேரேடு அழியுமா? – வீட்டுக் கம்ப்யூட்டரின் கட்டளை வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

"ரன் பெட்டியைத் திறந்தா, என்னைக்கோ அடிச்சதெல்லாம் வரிசையா வந்து நிக்குது. இதை எப்படி அழிக்கிறது?" – ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அழித்தது உண்மையிலேயே அழிந்துவிட்டதா? அழிப்பதற்கு இது சரியான நேரமா? இந்தக் குறிப்பு மூன்றையும் பற்றியது.

ஒரு வசதிக்காகக் கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். நீங்கள் கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

யாருடைய கம்ப்யூட்டர்?

எங்க எம். புதுப்பட்டியில் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் அது ஒரு ஆளுக்கு உரியது கிடையாது. காலையில் அண்ணன் ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பார். மதியம் தீபாவளிக்கான பட்டாசு விலைப்பட்டியல் அதே மெஷினில் தயாராகும். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூட வேலைக்கு உட்காருவார்கள். சிவகாசி அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுப்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே லாகின்தான், பாஸ்வேர்டும் இருக்காது.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்பும் அப்படித்தான். மாணவன் பெயரில் வந்தது, வீடே பயன்படுத்தியது. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு வகை வரலாறும் சேர வாய்ப்பிருந்தது.

இப்படிப் பலர் கைபடும் மெஷினில் யார் என்ன கட்டளை அடித்தார்கள் என்பது அப்படியே தங்கிப் போகிறது. அடுத்து உட்காருபவர் யாராக இருந்தாலும் பார்க்கலாம்.

சிட்டையும் பேரேடும்

விருதுநகர்ப் பக்கத்துக் கடைக்கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அன்றாடம் நடந்ததை அப்போதைக்கப்போது கிறுக்கி வைப்பது சிட்டை. பிறகு அது பேரேட்டில் ஏறும். சிட்டையைக் கிழித்துப் போட்டாலும் பேரேட்டில் ஏறியது ஏறியதுதான்.

கம்ப்யூட்டரிலும் கட்டளைகள் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஜன்னலின் நினைவில். அது சிட்டை. இன்னொன்று, டிஸ்க்கில் கோப்பாகவோ ரெஜிஸ்ட்ரியிலோ. அது பேரேடு. "அழிச்சேன், ஆனா மறுபடி வருதே" என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் சிட்டையை மட்டும் அழித்தவர்கள். மீதிப் பேர் பேரேட்டை அழித்துவிட்டுச் சிட்டையைத் திறந்தே வைத்திருந்தவர்கள். ஜன்னலை மூடும்போது சிட்டையில் இருப்பது மறுபடியும் பேரேட்டில் ஏறிவிடும்.

இதெல்லாம் நம்மை வேவு பார்க்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இல்லை. 1970-களின் கடைசியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்தான் இந்த வசதியைப் பரவலாக்கியது. ஆச்சரியக்குறியை இரண்டு முறை அடித்தால் கடைசிக் கட்டளை மறுபடி ஓடும். நீளமான கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிக்கும் கை வலியைக் குறைக்க வந்த விஷயம். 1989-ல் வந்த பாஷ் ஷெல் இதை எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 95-ல் வந்த ரன் பெட்டியும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தது.

1. ரன் பெட்டி

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் சின்னப் பெட்டிதான் ரன். ஓரத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் பழையவை எல்லாம் இறங்கும். நம்ம பக்கம் இதில் அதிகம் இருப்பது நெட்வொர்க் முகவரிகள்தான். அச்சகத்தில் பக்கத்து மெஷினின் ஷேர்டு ஃபோல்டரைத் திறக்க, இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபி எண்ணை அடிப்போம் இல்லையா, அது. கூடவே வாடிக்கையாளர் பெயரில் உள்ள ஃபோல்டர்களும் வரும்.

இது ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. ரன் பெட்டியில் ரீஜெடிட் என்று அடித்துத் திறங்கள். ஹெச்கீ கரண்ட் யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்புளோரர் என்று ஒவ்வொன்றாக இறங்கினால் ரன் எம்ஆர்யூ என்ற இடம் வரும். எம்ஆர்யூ என்றால் "மிக அண்மையில் பயன்படுத்தியவை" என்பதன் சுருக்கம்.

வலது பக்கம் ஏ, பி, சி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டளை இருக்கும். ஆங்கில எழுத்து 26 என்பதால் பட்டியலும் 26-ஐத் தாண்டாது. எம்ஆர்யூ லிஸ்ட் என்று தனியாக ஒன்று இருக்கும். எது முதலில், எது அடுத்து என்ற வரிசையை அதுதான் சொல்கிறது.

எல்லாவற்றையும் அழிக்க: டீஃபால்ட் என்பதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தேர்வு செய்து டெலிட் அழுத்துங்கள். லாக் ஆஃப் செய்து திரும்ப வந்தால் பட்டியல் காலியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் அழிக்க: உதாரணமாக சி எழுத்தில் இருப்பது வேண்டாம் என்றால், சி-யை அழித்துவிட்டு எம்ஆர்யூ லிஸ்ட்டைத் திறந்து அதில் உள்ள சி எழுத்தையும் எடுத்துவிடுங்கள்.

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் எக்ஸ்போர்ட் செய்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்த எக்ஸ்போர்ட் கோப்பிலும் நீங்கள் அழிக்க நினைத்த கட்டளைகள் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் அதையும் அழித்துவிடுங்கள்.

இனிமேல் சேரவே வேண்டாம் என்றால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போங்கள். திறக்கும் ஆப்களைக் கவனித்து ஸ்டார்ட் மெனுவை மேம்படுத்துவது பற்றி ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்தால் ரன் பெட்டி நினைவில் வைப்பதையும் நிறுத்திவிடும்.

2. கருப்பு ஜன்னலும் நீல ஜன்னலும்

சிஎம்டி எனப்படும் பழைய கருப்பு ஜன்னல் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. அதில் சிட்டை மட்டும்தான், பேரேடு கிடையாது. எஃப்7 அழுத்தினால் அதுவரை அடித்தவை பட்டியலாக வரும். ஆல்ட்டோடு எஃப்7 அழுத்தினால் பட்டியல் காலி. ஜன்னலை மூடினால் எல்லாம் போய்விடும்.

பவர்ஷெல் அப்படி இல்லை. விண்டோஸ் 10 வந்ததிலிருந்து, அதில் அடிக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் சேர்ந்துகொண்டே போகிறது. நோட்பேடில் திறந்து யாரும் படிக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன் அடித்தது கூட இருக்கலாம்.

இதிலே ஒரு பொறி உண்டு. கிளியர் ஹிஸ்டரி என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்து எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைப்போம். அது அப்போதைய ஜன்னலின் சிட்டையை மட்டுமே அழிக்கும். கோப்பு அப்படியே கிடக்கும்.

கோப்பை அழிக்க: பவர்ஷெல் ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில், சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி இல்லாமல் அடித்து எண்டர் கொடுங்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பவர்ஷெல், பிஎஸ் ரீட்லைன் என்று போனால் கன்சோல்ஹோஸ்ட் ஹிஸ்டரி என்ற கோப்பு இருக்கும். முதலில் திறந்து படித்துப் பாருங்கள். பிறகு அழியுங்கள்.

புதிய பிஎஸ் ரீட்லைன் பதிப்புகள், பாஸ்வேர்ட், டோக்கன், சீக்ரெட் மாதிரிச் சொற்கள் உள்ள வரிகளைக் கோப்பில் எழுதாமல் தவிர்க்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது தேடுவது சொல்லைத்தான். அந்தச் சொல் இல்லாமல் கடவுச்சொல்லை மட்டும் வரியில் அடித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

3. லினக்ஸ்

உபுண்டு, பாஸ் இரண்டிலும் டெர்மினலைத் திறந்தால் வருவது பாஷ். அதன் பேரேடு, உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் ஆரம்பிக்கும் பாஷ் ஹிஸ்டரி என்ற கோப்பு. புள்ளியில் ஆரம்பிப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. கன்ட்ரோலோடு ஹெச் அழுத்தினால் தெரியும்.

ஹிஸ்டரி என்று அடித்தால் எண்ணோடு பட்டியல் வரும். ஹிஸ்டரி, ஒரு இடம் விட்டு மைனஸ் டி, இன்னொரு இடம் விட்டு எண் என்று அடித்தால் அந்த ஒரு வரி போகும். மைனஸ் சி என்றால் சிட்டை முழுதும் போகும். அதற்குப் பிறகு மைனஸ் டபிள்யூ என்று ஒரு முறை கொடுக்க வேண்டும். அதுதான் காலியான சிட்டையைப் பேரேட்டின் மேல் எழுதும். சி மட்டும் கொடுத்துவிட்டு ஜன்னலை மூடினால் பழைய கோப்பு பத்திரமாக இருக்கும்.

இன்னொரு டெர்மினல் திறந்திருந்தால் அதன் சிட்டை தனி. அதை மூடும்போது அதில் உள்ளது கோப்பில் வந்து சேரும். எனவே ஒரே ஒரு ஜன்னலை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைச் செய்யுங்கள்.

உபுண்டுவில் ஒரு அழகான வசதி உண்டு. கட்டளைக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டு அடித்தால் அந்த வரி வரலாற்றில் சேராது. அழிப்பதைவிட எழுதாமல் இருப்பது மேல்.

மைஎஸ்க்யூஎல், பைத்தான் போன்றவை தங்களுக்கென்று தனி வரலாற்றுக் கோப்பு வைத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் எதற்கு?

"எங்கிட்ட மறைக்க என்ன சார் இருக்கு?" என்று கேட்கலாம். மறைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டளைக்குள்ளேயே கடவுச்சொல் வரும்போதுதான் சிக்கல்.

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நடந்தது நினைவிருக்கும். நிர்வாக வேலைகளுக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் டிடிராக் என்ற தீநிரல் புகுந்திருந்தது. செப்டம்பர் 4-ல் செர்ட்-இன் அமைப்பு கண்டு தகவல் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் செய்தி வெளியே கசிந்தபோது முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் அதை உறுதி செய்தது. உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாக இருந்ததால் அது தப்பியது.

டிடிராக் என்ன செய்யும் தெரியுமா? பிரவுசர் வரலாற்றை எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல், ஐபி முகவரி, நெட்வொர்க் இணைப்புகள், டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் பெயர்கள் – இவற்றைச் சேகரிக்கும். கீபோர்டில் அடிப்பதைப் பதிவு செய்யும். அதாவது முதல் வேலையே, இந்த மெஷினில் இதுவரை என்ன நடந்தது என்று படிப்பதுதான். அந்தத் தாக்குதலில் கிடைத்த மாதிரியை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் வெளியிட்டார்கள். நெட் யூஸ் என்ற சாதாரண விண்டோஸ் கட்டளை ஒன்றில், உள் நெட்வொர்க் முகவரியும் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லும் ஒரே வரியில் இருந்தன.

அந்த மாதிரி ஒரு வரியை நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அடிக்கிறோம். பிரிண்டரை, பக்கத்து மெஷினின் ஃபோல்டரை இணைக்க அதே நெட் யூஸ்தான். கடவுச்சொல்லையும் சேர்த்துப் பவர்ஷெல்லில் அடித்தால் அது பேரேட்டில் ஏறிவிடும்.

உறவுக்காரப் பையன் ஒருவன் விலைப்பட்டியல் போடுவதற்காக ஒரு பழைய டெஸ்க்டாப்பை வாங்கி வந்திருந்தான். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடிய மெஷின். கோப்புகளை எல்லாம் சுத்தமாக அழித்துத்தான் விற்றிருந்தார்கள். ரன் பெட்டியை இறக்கினால் அவர்களுடைய சர்வர் முகவரி, சம்பளக் கணக்கு என்ற பெயரில் ஒரு ஷேர்டு ஃபோல்டர், ரிமோட் டெஸ்க்டாப் முகவரி எல்லாம் இருந்தன. பவர்ஷெல் கோப்பில் ஒரு கடவுச்சொல்லும் இருந்தது. பையன் நல்லவன். முழுதாக ஃபார்மேட் செய்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தான். அடுத்த மெஷின் அப்படிப்பட்டவன் கையில்தான் போகும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

எப்போது அழிக்கவே கூடாது?

இதுதான் இந்தக் குறிப்பில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

2024-லிருந்து கிளிக்ஃபிக்ஸ் என்ற மோசடி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஏதோ ஒரு தளத்துக்குள் போனால், "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று ஒரு பெட்டி வரும். வழக்கமாக வருவதுதானே என்று அழுத்தினால், மூன்று படி சொல்லும். விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்துங்கள், கன்ட்ரோலும் வி-யும் அழுத்துங்கள், எண்டர் கொடுங்கள். அவ்வளவுதான். நீங்கள் அந்தப் பெட்டியை அழுத்திய கணத்திலேயே ஒரு தீய கட்டளை கிளிப்போர்டில் ஏறியிருக்கும். அதை ரன் பெட்டியில் ஒட்டி ஓட்டியது நீங்களே. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் லும்மா ஸ்டீலர் போன்ற நிரல்கள் இப்படித்தான் பல மெஷின்களில் நுழைந்தன.

எந்த உண்மையான தளமும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி வையுங்கள்.

ஒருவேளை யாராவது செய்துவிட்டால்? அங்கேதான் ரன் எம்ஆர்யூ சாட்சியாக மாறுகிறது. ஒட்டிய கட்டளை பெரும்பாலும் அங்கே அப்படியே இருக்கும். எந்த முகவரியிலிருந்து எதை இறக்கியது என்பது அந்த ஒரு வரியில் தெரியும். பயத்தில் அதை அழித்துவிட்டால் முதல் துப்பே போய்விடும்.

அப்படி நேர்ந்தால் வரிசை இது. இணையத்தைத் துண்டியுங்கள். ரன் பட்டியலைப் போனில் படம் எடுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். வரலாற்றை அழிப்பது, மெஷினை ஃபார்மேட் செய்வது எல்லாம் அதற்குப் பிறகு.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சொந்தக் கம்ப்யூட்டரில் தனிமைக்காக வரலாற்றை அழிப்பது குற்றம் இல்லை. தனிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு குற்றம் நடந்தது தெரிந்து, செய்தவரைக் காப்பாற்றச் சாட்சியத்தை அழிப்பது வேறு. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவில் வரும்.

அழித்த பிறகும் இருப்பவை

ஏதோ தப்பு செய்துவிட்டு வரலாற்றை அழித்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல். பேரேடு ஒன்று மட்டும் இல்லை.

ப்ரீஃபெட்ச் என்ற ஃபோல்டரில், எந்த நிரல் கடைசியாக எப்போது ஓடியது என்று விண்டோஸ் எழுதி வைக்கும். யூசர் அசிஸ்ட் என்ற ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் நிரல்களின் பெயரும் எத்தனை முறை திறந்தீர்கள் என்பதும் இருக்கும். அங்கே ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளிப் போட்டு எழுதியிருப்பதால் பார்க்கக் கிறுக்கல் மாதிரித் தெரியும். பூட்டு அல்ல, சும்மா ஒரு திரை. ரன் எம்ஆர்யூ-வை அழித்தால், அந்த இடம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற நேரமும் பதிவாகிறது. ஆக, அழித்ததற்கே ஒரு தடம் உண்டு. சிஸ்டம் ரெஸ்டோர் எடுத்து வைத்த பழைய நகலில் பழைய ரெஜிஸ்ட்ரியும் இருக்கும்.

எனவே மெஷினை விற்கும்போதோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதோ, வரலாற்றை மட்டும் அழிப்பது போதாது. ரீசெட் திஸ் பிசி என்பதில் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, அதற்குள் டிரைவைத் துடைக்கும் தேர்வையும் இயக்குங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

வழக்கமாகச் செய்ய வேண்டியவை

ஆளுக்கு ஒரு லாகின் உருவாக்குங்கள். மேலே சொன்ன வரலாறுகள் எல்லாம் ஒவ்வொரு லாகினுக்கும் தனித்தனி. ஆகவே பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பிள்ளைகளின் லாகினுக்கு அட்மின் உரிமை வேண்டாம்.

கட்டளை வரியில் கடவுச்சொல்லை அடிக்காதீர்கள். நெட் யூஸில் கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அது தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும், வரலாற்றில் சேராது. மைஎஸ்க்யூஎல்லில் மைனஸ் பி மட்டும் கொடுத்தால் அதுவும் அப்படியே கேட்கும்.

ஏற்கெனவே அடித்திருந்தால், வரலாற்றை அழிப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. மாற்றிவிட்டால், எந்தப் பேரேட்டில் எத்தனை நகல் மிச்சம் இருந்தாலும் அது வெறும் பழைய எழுத்துதான்.

அடுத்த முறை கம்ப்யூட்டரில் உட்காரும்போது, அழிப்பதற்கு முன் ஒரு தடவை அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நீங்கள் அடிக்காத வரி ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டெலிட்டில் கை வைக்காமல் முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.